கணக்கில் சேராத சனிக்கிழமை

எங்கள் பள்ளிக்கு உளவியலாளர் வந்து பணியேற்றது ஆடி மாதத்து முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு. அணை திறந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் எங்கள் கடைமடை வாய்க்கால்களில் தண்ணீர் எட்டிப்பார்க்காத சமயம். நேரத்தை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. பணியேற்பு அறிக்கையில் நேரம் குறிப்பது என் வேலை. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு தனியார் நிர்வாகப் பள்ளியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளன். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, ஆசிரியர்களின் பணிப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. வீட்டிலும் மழை பெய்த நாள், நாற்று விட்ட நாள், ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த நாள் என்று எழுதி வைப்பவன். தும்மினால்கூடத் தேதி போடுகிற மனுஷன் என்பாள் என் மனைவி.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தேழு வயது. தஞ்சாவூரிலிருந்து காலை ரயிலில் வந்திருந்தார். சான்றிதழ்களைச் சரிபார்த்தேன். உளவியலில் மூன்றாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை, பிறகு பள்ளி ஆலோசனைக்கென்று ஓராண்டுப் பட்டயம், ஒரு மருத்துவமனையிலும் இரண்டு பள்ளிகளிலும் மூத்தவர்களின் மேற்பார்வையில் வேலை பார்த்ததற்கான சான்று. எல்லாம் அசல்தான். ஆனால் என் படிவத்தில் 'பாடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ், கணக்கு, அறிவியல் என்று ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும். நீங்கள் ஆசிரியரா என்று கேட்டேன். இல்லை என்றார். டாக்டரா என்றேன். அதுவும் இல்லை என்றார்.

"அப்ப என்னன்னுங்க போடறது?"

"பள்ளி உளவியலாளர்னு போடுங்க சார். கட்டத்துல இடம் இல்லேன்னா ஓரத்துல எழுதிக்கங்க."

ஓரத்தில் எழுதினேன்.

முதல் இரண்டு மாதம் பள்ளி அவரை எப்படிப் பயன்படுத்தியது என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆசிரியர் யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள அவரை அனுப்பினோம். ஏழாம் வகுப்பில் சண்டை போட்டவர்களைத் தண்டனை போல அவர் அறையில் கொண்டுபோய் விட்டோம். அந்த அறைக்குப் போனால் லூசு என்று அர்த்தம் என்று பிள்ளைகளுக்குள் பேச்சு பரவியது. இதில் என் பங்கும் உண்டு. அவர் அறைக்குப் பெயர்ப் பலகை எழுதக் கொடுத்தபோது, கௌரவமாக இருக்கட்டுமே என்று 'மனநல மருத்துவர்' என்று எழுதச் சொல்லிவிட்டேன். பலகையை மாட்டிய அன்றே அலுவலகத்துக்கு வந்தார்.

"சார், அத இன்னிக்கே எடுத்துடணும். அது நான் படிக்காத படிப்பு."

உட்காரச் சொன்னேன். கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினார். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து அதற்கு மேல் மனநலத்தில் பட்டம் பெற்றவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் என்று இன்னொருவர் உண்டு. முதுநிலைக்குப் பிறகு மேலும் இரண்டு ஆண்டு மருத்துவமனையில் பயிற்சி பெற்று மத்திய அரசின் பதிவேட்டில் பெயர் பதிந்தவர். குறைபாடு என்னவென்று சோதித்துச் சான்றிதழ் தருவது அவர்களுடைய வேலை. தனக்கு மருந்து எழுதவோ, பிள்ளைக்கு ஒரு நோயின் பெயரைப் போட்டுச் சான்று கொடுக்கவோ உரிமை இல்லை. வகுப்பில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கூட இருந்து பார்ப்பது, அதனோடு பேசுவது, தேவைப்பட்டால் சரியான இடத்துக்கு அனுப்பிவைப்பது, ஆசிரியர் எதை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வது, வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவே நடப்பது. தன் வேலை இவ்வளவுதான் என்றார்.

"எது என்னால முடியாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் சார். பாதிப் படிப்பு அதுக்குத்தான்."

பலகையை இறக்கினேன். அடுத்த வாரம் பூட்டு வைத்த பெட்டி ஒன்று வேண்டும் என்றார். பள்ளியின் எந்தக் காகிதமும் அலுவலக பீரோவில்தான் இருக்க வேண்டும் என்பது என் பல வருட வழக்கம். பிள்ளைகள் சொன்னதை எழுதிய தாள்கள் தன் அறையில் தன் சாவிக்குள்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கற்றுவந்த வழக்கம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் யாரிடமும் மறைக்கமாட்டேன், பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வேன், மற்றது பிள்ளையின் சொத்து என்றார். தலைமையாசிரியை அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். முணுமுணுத்துக்கொண்டே ஓர் இரும்புப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன்.

இவ்வளவையும் பக்கத்திலிருந்து பார்த்த நான், என் சொந்த மகளைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மகள் அப்போது அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாய் ஓயாது. பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது, வயலில் எத்தனை கொக்கு நின்றது, அம்மா நேற்று என்ன பொய் சொன்னாள், எல்லாம் எனக்கு வந்து சேரும். பள்ளி வாசலைத் தாண்டினால் உதடு ஒட்டிக்கொள்ளும். எல்.கே.ஜி.யில் சேர்ந்த நாளிலிருந்து ஓர் ஆசிரியரும் அவள் குரலைக் கேட்டதில்லை. எழுதுவாள், தலையாட்டுவாள், கையைக் காட்டுவாள். கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். விசேஷ வீடுகளில் உறவுக்காரர்கள் கன்னத்தைத் தட்டி, வாயில் என்ன கொழுக்கட்டையா என்பார்கள். நானோ மனைவியோ முந்திக்கொண்டு அவள் பெயரையும் வகுப்பையும் சொல்லிவிடுவோம். மனைவி வசம்பு உரைத்து நாக்கில் தடவிப் பார்த்தாள். ஒரு கோயிலில் அபிஷேகத் தேன் வாங்கி வந்து கொடுத்தாள். தேன் மகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. வேறு பலன் இல்லை.

புரட்டாசி மூன்றாம் வாரம், புதன்கிழமை, இரண்டாம் பாடவேளையில் பெஞ்சுகளை நகர்த்தும்போது அவள் மோதிர விரல் இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. நகம் பெயர்ந்துவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. கையைப் பாவாடைப் பைக்குள் விட்டுக்கொண்டு அந்தப் பாடவேளை முழுவதும் உட்கார்ந்திருந்தாள். மணி அடித்த பிறகு, பக்கத்தில் உட்காரும் சிறுமி சீருடையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அலறியபோதுதான் தெரிந்தது. நான் முப்பது அடி தள்ளி அலுவலகத்தில் இருந்தேன்.

மறுநாள் காலை தலைமையாசிரியை என்னை அழைத்தார். கடிந்து பேசத் தெரியாதவர்.

"நீங்க நம்ம ஆளு சார், அதனால நேராவே சொல்றேன். அடிபட்டாக்கூட வாயத் தொறக்க மாட்டேங்கறா. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு? முழுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள பேசலேன்னா அவளுக்குன்னு இருக்கற ஸ்கூல்ல சேர்த்துடுங்க."

பேச முடியாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி அது. ஊரிலிருந்து வெகு தூரம். விண்ணப்பப் படிவத்தையும் அவரே வரவழைத்து என்னிடம் கொடுத்தார். சேர்ப்பதென்றால் எங்கள் பள்ளியிலிருந்து அவளுக்கு மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அதை எழுத வேண்டியவன் நான்.

மாலையில் மனைவியிடம் சொன்னபோது அவள் நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தாள். எங்களுக்கு இருப்பது மூன்று மா நிலம், ஏறத்தாழ ஓர் ஏக்கர். அதன் பாடு முழுவதும் அவளுடையது. விடுதியில் விடுவதானால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு மகளோடு தானும் போய் அந்த வாசலில் உட்கார்ந்துகொள்வேன் என்றாள். சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தத் தஞ்சாவூர்ப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை என்றேன்.

"ரெண்டு மாசமா அவங்க படிப்பப் பத்தி எனக்குப் பாடம் நடத்தறீங்க. நம்ம பொண்ணுக்குன்னா மட்டும் வாய் அடைச்சுப்போவுதா உங்களுக்கும்?"

காரணம் வெட்கம்தான். அந்த அறைக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றி அலுவலகத்தில் நடந்த பேச்சில் நானும் சிரித்திருக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை மாலை நாலேகாலுக்கு இருவரும் அவர் முன் உட்கார்ந்தோம். நான் வெறுங்கையோடு போகவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளிலிருந்து மகளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு வேலை நாளுக்கும் ஒரு வரி. பேசினாளா, யாரிடம், எங்கே. எல்லா வரியிலும் 'இல்லை' என்றுதான் இருந்தது. மாதக் கடைசியில் கூட்டி எழுதியிருந்தேன். நூலகத்திலிருந்து மூன்று உளவியல் புத்தகங்களைப் படித்திருந்ததால் கடைசிப் பக்கத்தில் என் முடிவையும் எழுதியிருந்தேன்: பிடிவாதம். அந்த நோட்டை அவர் மேசையில் வைத்தபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அவர் வரி வரியாகப் படித்தார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். ஆவணி மாதத்துப் பக்கத்தில் விரல் நின்றது.

"இது என்ன சார், அடைப்புக்குறிக்குள்ள?"

ஒரு சனிக்கிழமைக் குறிப்பு. 'அலுவலகத்துக்கு உடன் வந்தாள். நிறையப் பேசினாள். விடுமுறை நாள், கணக்கில் சேராது.'

விளக்கினேன். தணிக்கைக்காகப் பதிவேடுகளைத் தயார் செய்ய அன்று தனியாகப் பள்ளிக்கு வந்தேன். மனைவி வயலில் இருந்ததால் மகளையும் அழைத்து வந்தேன். பள்ளியில் வேறு யாரும் இல்லை. வேலை நாள் இல்லாதபோது வருகை கிடையாது. வருகை இல்லாத நாளைக் கூட்டலில் சேர்க்க முடியாது. அதனால்தான் அடைப்புக்குறி.

ஆபீசில் மட்டும்தான் பேசினாளா என்று கேட்டார். இல்லை, சுவரில் மாட்டியிருந்ததையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே பள்ளியைச் சுற்றினாள் என்றேன். அவள் வகுப்புக்குள்? அங்கேயும் போனோம். கரும்பலகையில் எழுதி, என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, டீச்சர் மாதிரி அதட்டிப் பாடம் நடத்தினாள்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "இத எங்கிட்டக்கூட சொல்லலியேங்க நீங்க."

வேலை நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன். பல வருடம் வருகைப் பதிவேடு எழுதியவனுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு அது.

"நாலு மாச நோட்டுல எனக்கு வேண்டியது இந்த ஒரு வரி சார்" என்றார் அவர். "இந்தக் கட்டடம் அவள ஒண்ணும் பண்ணல. இங்க இருக்கற ஆளுங்க தன் குரலைக் கேட்டுடுவாங்களோங்கற பயம்தான் தொண்டையப் பிடிக்குது. யாரும் இல்லாத அன்னிக்கு அதே கிளாஸ்ல டீச்சராவே இருந்திருக்கா. நாம சனிக்கிழமையிலேருந்து ஆரம்பிக்கலாம்."

கடைசிப் பக்கத்தையும் படித்தார். நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். முழுப் பரீட்சை வரை அதை எடுக்க வேண்டாம் என்றார். நான் பேனாவைத் திறக்கும்போதெல்லாம் தன்னைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்குப் பேசினாயா என்று கேட்பதையும் நிறுத்த வேண்டும், ஏன் பேசவில்லை என்றால் அவளுக்கே பதில் தெரியாது. யாராவது அவளிடம் கேள்வி கேட்டால் நாங்கள் முந்திக்கொள்ளாமல் மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். அப்புறம் மிக முக்கியமாக ஒன்று சொன்னார். முதலில் காது கேட்கும் சோதனை. பிறகு தஞ்சாவூர் மருத்துவமனையில் குழந்தைகளைப் பார்க்கும் மனநல மருத்துவர். தான் நினைப்பது சரிதானா என்று அவர்கள்தான் சொல்ல முடியும். கடிதம் எழுதிக் கொடுத்தார்.

காது நன்றாக இருந்தது. மருத்துவர் அவளைப் பார்த்து, எங்களிடம் பேசி, அந்தப் பதற்றத்துக்கு ஒரு பெயர் சொன்னார். தமிழில் 'தேர்ந்தெடுத்த மௌனம்' என்கிறார்களாம். அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, பெயரை நம்பி அவள்மேல் கோபப்படாதீர்கள் என்றும் சொன்னார். இப்போதைக்கு மருந்து வேண்டாம், பள்ளியில் தொடங்கியதைச் செய்யுங்கள் என்றார்.

சனிக்கிழமை அவருக்குப் பணி நாள் இல்லை. திங்கள், செவ்வாய், வியாழன் மட்டும்தான். ஆனாலும் வந்தார். கையெழுத்துப் போடப் பதிவேட்டை நீட்டினேன், வேண்டாம் என்றுவிட்டார்.

முதல் சனிக்கிழமை நானும் மகளும் வகுப்பில் விளையாடினோம். அவர் தாழ்வாரத்தின் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ படித்தபடி இருந்தார். மகளின் குரல் பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை. அடுத்த வாரம் ஜன்னலுக்கு வெளியே. அதற்கடுத்த வாரம் கதவுக்கு உள்ளே, தரையில் உட்கார்ந்து ஒரு தாளில் படம் வரைந்துகொண்டிருந்தார். அவளைப் பார்க்கமாட்டார். அவளிடம் எதுவும் கேட்கமாட்டார். பச்சைக் கலர் தீர்ந்துவிட்டது, இந்த மாடு மாடு மாதிரி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இதுவா படிப்பு என்று எனக்குத் தோன்றியதை மறைக்கவில்லை. ஒரு வயது வந்தவர் ஒரு குழந்தையிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒன்றரை மணி நேரம் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, நான் வீட்டில் முயன்று பார்த்த பிறகுதான் புரிந்தது. என்னால் நான்கு நிமிடம் முடிந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவிப்பு வந்தது. அலுவலகத்துக்கு விடுமுறை இல்லை. மனைவி நட்ட பயிர் மூழ்காமலிருக்க வரப்பை வெட்டித் தண்ணீரை வடிக்க விடிகாலையிலேயே போயிருந்தாள். மழைக்கோட்டுப் போட்டு மகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தேன். பத்தேகாலுக்கு அவர் வந்தார். ரயில் வரவில்லையாம், திருவாரூரில் பஸ் மாறி, முழங்கால் வரை நனைந்து வந்திருந்தார். விடுமுறை என்று தெரியாதா என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான் வந்தேன் சார். ஸ்கூல் காலியா இருக்குமே."

வகுப்பில் மகள் எனக்கு அன்று காலை வயலோரம் நின்று பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா வரப்பை வெட்டினது, தண்ணீர் வடிவாய்க்காலுக்கு ஓடினது, அதோடு ஒரு விரால் மீன் வந்து வரப்பில் துள்ளினது. அவர் சுவரோரம் உட்கார்ந்து ஒரு மீன் வரைந்தார். அதற்கு நீளமாக இரண்டு மீசை வைத்தார். விராலுக்கு மீசை உண்டா என்று தெரியவில்லையே என்று தாளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

மகள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"விராலுக்கு இல்ல. கெளுத்திக்குத்தான் மீசை."

"அப்ப அழிச்சிடறேன்" என்று அவர் ரப்பரை எடுத்து அழித்தார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அந்தப் பெண்ணுக்கு இருந்த பக்குவம் எனக்கு இல்லை. திங்கட்கிழமை காலை தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். அவர் மகிழ்ச்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறைவணக்கக் கூட்டத்தில் மகளை மேடைக்கு அழைத்து, இவள் இப்போது பேசுகிறாள் என்று மைக்கில் சொல்லி, ஒரு பேனாப் பெட்டியைக் கொடுத்து, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். ஐந்நூறு பிள்ளைகள் தட்டினார்கள். மகள் பாவாடையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு மூன்று வாரம் சனிக்கிழமையிலும் பேசவில்லை. ஆளில்லாத வகுப்பில் என்னிடம்கூடப் பேசவில்லை.

யார் சொன்னது என்று அவர் விசாரிக்கவில்லை. நானே போய்ச் சொன்னேன்.

"அன்னிக்கு உங்கள உள்ள வச்சது அவ அப்பாங்கறதால சார். ஆபீஸ் சார்ங்கறதால இல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. "அந்த ரூம்ல நடக்கறது அந்த ரூம்லயே இருக்கணும். திரும்ப ஜன்னலுக்கு வெளியிலேருந்து வரணும் இப்ப. வருவோம்."

பெட்டிக்குப் பூட்டு எதற்கு என்று ஆடியில் நான் கேட்ட கேள்விக்கான பதில் அன்றுதான் எனக்குப் புரிந்தது. தலைமையாசிரியையிடமும் அவரே போய்ப் பேசினார். அடுத்த நாள் ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டி, அமைதியான பிள்ளையிடம் என்ன செய்யக் கூடாது என்று அரை மணி நேரம் சொன்னார். தலைமையாசிரியை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். முடிவில் எழுந்து, கைதட்டச் சொன்னது தன் தப்பு என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். அப்படிச் சொல்லக்கூடிய ஒருவரிடம் வேலை பார்க்கிறேன் என்பதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

கார்த்திகை முழுவதும் ஜன்னலுக்கு வெளியிலிருந்து மீண்டும் தொடங்கினார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.

மார்கழியில் அரையாண்டுத் தேர்வு. இரண்டாம் வகுப்புக்கு வாய்மொழி வாசிப்புக்கு இருபது மதிப்பெண். வகுப்பாசிரியை பூஜ்யம் போட மனமில்லாமல் தவித்தார். வீட்டில் வாசிப்பதை அம்மாவின் கைபேசியில் பதிவு செய்து கொடுக்கலாமா என்று உளவியலாளர் மகளிடமே கேட்டார். மகள் யோசித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: மிஸ் கேட்கலாம், ஆனால் அப்போது என்னைப் பார்க்கக் கூடாது. நிபந்தனை ஏற்கப்பட்டது. வகுப்பாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, கைபேசியைக் காதில் வைத்துக் கேட்டார். பாடத்தின் நடுவே பக்கத்து வீட்டு ஆடு கத்துவதும், "இரு, கத்தாத, நான் படிக்கறேன்ல" என்று மகள் அதட்டுவதும் அதில் இருந்தன. ஆறு மாதமாக அவளுக்குப் பாடம் நடத்தியவர் அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் முறை. முடிந்ததும் கைபேசியைத் திருப்பிக் கொடுத்து, நன்றாக வாசிக்கிறாள் என்று மட்டும் சொன்னார். பதினெட்டு போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டது, ரெண்டு ஏன் கம்மி என்பதுதான். அதை உன் மிஸ்கிட்ட போய்க் கேளு என்றாள் மனைவி. ஆட்டுக்குக் கழித்துவிட்டார்கள்போல என்று நான் சொன்னதற்கு இருவருமே சிரிக்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு, ரத்தத்தைப் பார்த்து அலறிய அந்தச் சிறுமியும் சனிக்கிழமை விளையாட்டில் சேர்ந்தாள். இரண்டு வாரம் கழித்து வகுப்பாசிரியை, முதலில் கதவருகே, பிறகு உள்ளே. சனிக்கிழமையில் நடந்தது மெல்லச் செவ்வாய்க்கிழமை உணவு இடைவேளைக்கு நகர்ந்தது. நான் அறைக்குள் போவது நின்றது. என்ன நடக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வயலில் அறுவடை முடிந்தது. அறுத்த தாளடியில் உளுந்து முளைத்து நின்றது.

மாசி மாதக் கடைசியில் வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டை என்னிடம் ஒப்படைக்க வந்தார். கூட்டல் சரிதானா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் சொன்னார்.

"உங்க பொண்ண இடம் மாத்தி உக்கார வச்சிருக்கேன் சார். பக்கத்துல இருக்கறவகிட்ட ஓயாம பேச்சு. அரைப் பரீட்சையில ரெண்டு மார்க் எங்க போச்சுன்னு எங்கிட்ட வேற கேக்கறா."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"தெரியலியே சார். பத்து நாள் இருக்கும். நான் கவனிக்கல."

ஏறக்குறைய நான்காண்டுக் காலமாக நான் காத்திருந்த நாள் எந்த நாள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் நோட்டிலும் இல்லை. யாரும் கவனிக்காத மாதிரி அந்த நாள் வந்துபோனதே அந்தப் பெண்ணின் வேலைத் திறன் என்று இப்போது புரிகிறது. தேதி இல்லாமல் நான் சந்தோஷப்பட்ட ஒரே நிகழ்ச்சி அதுவாகத்தான் இருக்கும்.

பங்குனியில் முழுப் பரீட்சை வாசிப்பைத் தன் ஆசிரியைக்கு நேராக நின்று படித்தாள். குரல் சின்னதுதான், முதல் பெஞ்சு வரைதான் கேட்டதாம். அது போதும் என்றார் தலைமையாசிரியை. அந்த விடுதிப் பள்ளிப் படிவத்தைக் கேட்டு வாங்கி, என் முன்னாலேயே நான்காகக் கிழித்தார்.

அன்று மாலை மனைவி பள்ளிக்கு வந்தாள், கையில் ஒரு படி புது உளுந்தும் ஒரு தூக்கு வடையும். பெற்றோரிடம் எதுவும் வாங்கக் கூடாது அக்கா என்று உளவியலாளர் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"வடை திங்கக்கூடாதுன்னும் எழுதியிருக்கா உங்க படிப்புல?"

"அது எழுதல" என்று இரண்டு வடையை நின்றபடியே சாப்பிட்டார். இது முடிந்துவிடவில்லை, மூன்றாம் வகுப்பில் புது ஆசிரியர் வந்ததும் கொஞ்சம் பின்வாங்கலாம், பயந்துவிடாதீர்கள், ஜூனில் முதல் வாரமே நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எங்களுக்குச் சொல்லத் தெரிந்த நன்றியைச் சொன்னோம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

நானும் மகளும் சைக்கிளை எடுக்கப் போனோம். ஒரு சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. கடைத்தெரு வரை தள்ளிக்கொண்டு போனேன். சைக்கிள் கடைக்காரர் எங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதவர். ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"எந்தச் சக்கரம் பாப்பா?"

வாய் வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, எதிர்க்கடைப் பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கத் தொடங்கினேன். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று.

"பின்னாடி" என்றாள் மகள். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "பின்னாடிச் சக்கரங்க."

அவருக்கு அது ஒரு செய்தியே இல்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பம்பை எடுத்து வந்தார்.